274 தலங்கள், ஒரு வரைபடம்

தேவாரப் பாடல் பெற்ற தலங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டும் வலைப்பக்கம் செய்ய வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு வரைபடம் அரை நாள் வேலை. லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வரைபடத் தொகுப்பைச் சேர்த்து, பலர் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடியில் விரித்து, மேலே ஊசிகளைக் குத்தினால் ஆயிற்று. நாள்களைத் தின்பது அந்த ஊசிகளுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணைதான். அதனால் இந்தப் பதிவிலும் நிரலைவிட அட்டவணைக்கே அதிக இடம். கோயிலுக்குப் பதில் நூலகம், ஏரி, பேருந்து நிறுத்தம் என்று எதை வைத்தாலும் சிக்கல்கள் பெரும்பாலும் இவையே.

இந்தத் தலங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு வரைபடக் கருவி எங்கெல்லாம் உடையுமோ அங்கெல்லாம் போய் இடிக்கும் தரவு இது. மரபான கணக்கு: காவிரி வடகரை 63, தென்கரை 127, தொண்டை நாடு 32, நடுநாடு 22, பாண்டி நாடு 14, கொங்கு நாடு 7, வடநாடு 5, ஈழம் 2, மலைநாடு 1, துளுவ நாடு 1. கூட்டினால் 274. திருவிடைவாயையும் கிளியன்னவூரையும் சேர்த்து 276 என்பாரும் உண்டு. ஆக 190 தலங்கள் காவிரியின் இரு கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று கயிலாயத்தில் நிற்கிறது. நெரிசல், தொலைவு இரண்டையும் ஒரே பக்கம் தாங்க வேண்டும்.

அட்டவணை

முதலில் ஒரு கூகுள் ஷீட்டோ லிப்ரேஆபீஸ் தாளோ போதும். தரவுத்தளம் எல்லாம் வேண்டாம். 274 வரிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. நெடுவரிசைகள் இவை: மாறாத ஓர் எண், தேவாரப் பெயர், இன்றைய ஊர்ப்பெயர், மாற்றுப் பெயர்கள், நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, துல்லியம், எண் எங்கிருந்து வந்தது, சரிபார்த்த நாள். கடைசி மூன்றையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு புள்ளி தவறு என்று யாராவது எழுதும்போது, அந்த எண் கைப்பேசியில் வாசலில் நின்று எடுத்ததா, எங்கோ பட்டியலில் இருந்து நகல் எடுத்ததா என்று தெரியாமல் விழிக்க நேரும்.

‘துல்லியம்’ நெடுவரிசையில் வாசல், வளாகம், ஊர், தோராயம் என்ற நான்கு சொற்களில் ஒன்று மட்டும் வரலாம். வடநாட்டுத் தலங்களில் இந்திரநீலப் பருப்பதம் போன்றவற்றுக்குக் கோயில் வாசல் என்று காட்ட ஒன்றும் இல்லை. அதையும் மயிலாப்பூரையும் ஒரே நிற ஊசியால் குத்துவது பொய் சொல்வது போல. தோராயப் புள்ளிகளுக்கு உள்ளீடற்ற வட்டம் போடுங்கள்.

எத்தனை தசம இடம் வேண்டும்? அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ. நான்காம் இடம் 11 மீட்டர், ஐந்தாம் இடம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கோயிலுக்கு ஐந்து போதும். பதினான்கு இடம் வரை எண்ணை இழுத்து வைத்திருக்கும் கோப்புகள் மூலக்கூறின் அளவில் கோயிலைக் காட்டுகின்றன. பயன் எதுவும் இல்லை, கோப்புதான் ஊதும்.

எண்களில் நேரும் மூன்று பிழைகள்

முதலாவது, பாகை-கலை-விகலை. தஞ்சைப் பெரிய கோயில் 10° 46′ 58″ வடக்கு, 79° 7′ 54″ கிழக்கு. இது பாடல் பெற்ற தலம் அல்ல, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த இடம் என்பதால் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சரியான மாற்றம்: 46ஐ 60ஆல் வகுத்து, 58ஐ 3600ஆல் வகுத்து, இரண்டையும் 10உடன் கூட்ட வேண்டும்; 10.7828 வரும். அவசரத்தில் புள்ளி வைத்து 10.4658 என்று எழுதினால் பெரிய கோயில் 35 கி.மீ. தெற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போய் உட்காரும். இந்தப் பிழை நயவஞ்சகமானது: புள்ளி தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் கண்ணுக்குப் படாது. பட்டியலில் எல்லா எண்களுக்கும் தசமத்தின் முதல் இரண்டு இலக்கம் 60க்குக் கீழேயே இருந்தால், யாரோ இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இடமாற்றம். லீஃப்லெட்டின் நிரலில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தலைகீழ்: தீர்க்கரேகைதான் முதல். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணம் இதை அப்படியே விதித்துவிட்டது, வாதாடிப் பயனில்லை. மாற்றிப் போட்டால் பெரிய கோயில் 79 பாகை வடக்கே, ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரைக்குப் போய்விடும். அங்கே இந்தியா 2008இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் ஏறக்குறைய 35 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது என்பது ஒரு சின்ன ஆறுதல். சோதனை மிக எளிது. நம் பட்டியலில் எந்தத் தலத்திற்கும் அட்சரேகை தீர்க்கரேகையைவிடக் குறைவுதான், கயிலாயத்துக்குக்கூட 31, 81. முதல் எண் பெரிதாக இருந்தால் அந்த வரியை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, வெற்றுக் கட்டம். நிரப்பாத கட்டத்தைச் சில நிரல்கள் சுழியம் என்று படிக்கும். சுழியம், சுழியம் என்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் கடல். வரைபடம் தானாகவே உலகளவுக்கு விரிந்தால் ஏதோ ஒரு வரி அங்கே மூழ்கியிருக்கிறது.

இவற்றில் பின்னிரண்டையும் ஒரே அடியில் பிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. அட்சம் 8 முதல் 14, தீர்க்கம் 76 முதல் 81.5 என்று ஒரு பெட்டி போடுங்கள். வடக்கே காளத்தி, மேற்கே கொடுங்கல்லூரின் திருவஞ்சைக்களம், தெற்கிலும் கிழக்கிலும் திருகோணமலை எல்லாம் உள்ளே அடங்கும். துளுவ நாட்டுக் கோகர்ணமும் வடநாட்டு ஐந்தும் சேர்ந்து ஆறு மட்டும் வெளியே விழ வேண்டும். ஏழு விழுந்தால் ஒன்று பிழை. ஐந்து விழுந்தாலும் ஒன்று பிழை. ஒவ்வொரு முறை கோப்பை உருவாக்கும்போதும் இந்த எண்ணிக்கை தானாக ஓடட்டும். பாகை-கலைப் பிழையைப் பிடிக்க இது போதாது. அதற்கு நாடுவாரியாகச் சின்னப் பெட்டிகள் வேண்டும்.

எண்களை எங்கே எடுப்பது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினேட்டிம் சேவை ஊர்ப்பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். விதி: நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கூடாது, உங்கள் செயலியின் பெயரை கேள்வியோடு போகும் யூசர்-ஏஜென்ட் வரியில் சொல்ல வேண்டும், கிடைத்த விடையைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். 274 கேள்வி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாட்டை இந்தியா என்று கட்டுப்படுத்தினால் ஈழத்து மாதோட்டமும் கோணமலையும் காணாமல் போகும். கயிலாயமும் கூடவே போகும்.

ஆனால் வந்த விடையை நம்பக் கூடாது. திருஇரும்பூளையின் இன்றைய பெயர் ஆலங்குடி. வலங்கைமான் வட்டம், குரு தலம் என்றால் எல்லாருக்கும் தெரியும். வெறும் ‘ஆலங்குடி’ என்று கேட்டால் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி முந்திக்கொண்டு வரலாம், அதுதான் பெரிய ஊர். தேவாரப் பெயரைக் கேட்டாலும் சங்கடம்: அனேகதங்காவதம் என்று காஞ்சிபுரத்தில் ஒன்று, வடநாட்டில் ஒன்று. இரண்டும் பாடல் பெற்றவை. பெயரை மட்டும் வைத்து இணைத்தால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். அதற்குத்தான் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் அந்த மாறாத எண்.

இன்னொரு வழி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் தேடித் தரும் ஓவர்பாஸ் சேவை. ஒரு பெட்டிக்குள் இருக்கும் வழிபாட்டுத் தலங்களை எல்லாம் அள்ளித் தரும். அங்கே ‘அமெனிட்டி’ என்ற சாவிக்கு ‘பிளேஸ் ஆஃப் வொர்ஷிப்’, ‘ரிலிஜன்’ சாவிக்கு ‘ஹிந்து’ என்று கேட்க வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம், புள்ளிகளை மட்டும் கேட்பது. பெரிய கோயில்களை வரைபவர்கள் மதிலைச் சுற்றிக் கோடாக வரைந்திருப்பார்கள், அது ‘நோட்’ (புள்ளி) அல்ல, ‘வே’ (கோடு) அல்லது ‘ரிலேஷன்’ (பலவற்றின் தொகுப்பு). நோட் மட்டும் கேட்டால் தெருமுனைப் பிள்ளையார் வருவார், தில்லை வராது. மூன்றையும் கேட்டு, வெளியீட்டில் ‘சென்டர்’ என்று சேர்த்தால் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு நடுப்புள்ளி கிடைக்கும். பெட்டியின் வரிசையையும் கவனியுங்கள்: ஓவர்பாஸுக்குத் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு, ஜியோஜேசனுக்கு மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. யாரும் யாரையும் கலந்து பேசிக்கொள்ளவில்லை.

கூகுள் வரைபடத்தில் வலது சொடுக்கி எண்ணை எடுப்பது சுலபம்தான். ஆனால் அதிலிருந்து மொத்தமாக எடுத்துப் பட்டியல் சேர்ப்பதை அவர்களின் விதிமுறை தடுக்கிறது. அப்படி எடுத்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றவும் கூடாது.

நடுப்புள்ளியிலும் ஒரு வில்லங்கம். திருவாரூரைப் பற்றி ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்பார்கள். ஐந்து வேலி ஏறக்குறைய 33 ஏக்கர். சதுரமாகக் கொண்டால் பக்கத்துக்கு 365 மீட்டர். நடுப்புள்ளியை வழிகாட்டிச் செயலிக்குக் கொடுத்தால், அது அதற்குக் கிட்டத்தில் இருக்கும் தெருவில் கொண்டுபோய் விடும். அது வடக்கு மதிலின் முதுகுப்புறமாகவும் இருக்கலாம். ஆகவே பெரிய கோயில்களுக்கு இரண்டு புள்ளி வையுங்கள்: ஊசி குத்த ஒன்று, வழி கேட்க வாசலில் ஒன்று.

அதே திருவாரூர்க் கோயிலுக்குள்ளேதான் அரநெறி என்ற தனித் தலமும் இருக்கிறது. திருப்புகலூரிலும் வர்த்தமானீச்சரம் அதே மதிலுக்குள். ‘100 மீட்டருக்குள் இரண்டு புள்ளி இருந்தால் இரட்டிப்பு என்று கருதி ஒன்றை நீக்கு’ என்று நிரல் எழுதினால், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலங்களைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவோம். நிரல் சந்தேகத்தை எழுப்பலாம், நீக்குவது கையால்தான்.

மாவட்டத்தை நெடுவரிசையாக வைக்காதீர்கள். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமாயிற்று. பழைய பட்டியல்களில் அந்தத் தலங்கள் எல்லாம் நாகப்பட்டினம். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில். எல்லைக் கோப்பு ஒன்றை வைத்து, புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று நிரலே கண்டுபிடிக்கட்டும். அடுத்த பிரிவினை வந்தால் எல்லைக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

தமிழ் எழுத்து

தேடல் பெட்டியில் ‘வேதாரண்யம்’ என்று அடித்தால் திருமறைக்காடு வர வேண்டும், ‘சிதம்பரம்’ என்றால் தில்லை. அதற்குத்தான் மாற்றுப் பெயர் நெடுவரிசை. கைப்பேசியில் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள் என்பதால் அந்த வடிவங்களும் அங்கேயே இருக்கட்டும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தெரியும் எழுத்துகள். ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. தேடினால் ‘கோகர்ணம்’ இல்லை என்று வரும். பட்டியல், தேடல் சொல் இரண்டையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்ற ஒரே அழைப்பு. ஆனால் ஸ்ரீ-யை அது தீர்க்காது. ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ‘ஶ’வில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றே. ஔகாரத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடிப்பவர்களும் உண்டு. இவற்றுக்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதத்தான் வேண்டும்.

அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ் சிதறித் தெரியும், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாவிட்டால். அதைச் சேர்த்தால் எக்செல் சமாதானமாகும். ஆனால் உங்கள் நிரல் முதல் நெடுவரிசையின் பெயரை அடையாளம் காணாமல் தவிக்கும், பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருப்பதால். படிக்கும்போது அதை வெட்டி எறியுங்கள்.

வரைபடம்

இங்கே சொல்வது லீஃப்லெட் 1.9.4க்கு. மேப்லிப்ரே என்ற மாற்றுக் கருவி அழகாக இருக்கும், சுழலும், சாயும். ஆனால் தமிழ்ப் பெயர்களை அதன் லேயரில் எழுதச் சொன்னால், கொம்பு எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்பது நெடுநாள் குறை. லீஃப்லெட்டின் டூல்டிப்பும் (ஊசியருகே தோன்றும் பெயர்) பாப்அப்பும் (தொட்டால் விரியும் பெட்டி) சாதாரண எச்டிஎம்எல். எழுத்தைக் கோப்பது உலாவியின் பொறுப்பு, அதற்குத் தமிழ் தெரியும். இந்த ஒரு காரணத்துக்கே என் ஓட்டு லீஃப்லெட்டுக்கு.

பக்கம் வெள்ளையாக இருந்தால் வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுக்கவில்லை என்று பொருள். டைல்கள், அதாவது அடிவரைபடத்தின் சதுரத் துண்டுகள், கலைந்த சீட்டுக்கட்டாகக் கிடந்தால் சிஎஸ்எஸ் கோப்பு வரவில்லை. மறைந்திருந்த தாவலைத் திறக்கும்போது பாதி சாம்பலாக இருந்தால் ‘இன்வேலிடேட்சைஸ்’ அழைக்க வேண்டும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ஜியோஜேசன் ஏறாது, உலாவி தடுக்கும். பைத்தனோடு வரும் சிறு சர்வரை ஓடவிட்டு அதன் வழியாகத் திறங்கள்.

சொந்தமாக ஊசி வரைந்தவர்கள் செய்யும் பிழை, அளவை மட்டும் சொல்லி, படத்தின் எந்தப் பகுதி இடத்தின் மேல் நிற்க வேண்டும் என்ற நங்கூரப் புள்ளியைச் சொல்லாமல் விடுவது. அப்போது லீஃப்லெட் படத்தின் நடுவை இடத்தின் மேல் வைக்கும். லீஃப்லெட்டின் வழக்கமான ஊசியின் அளவான 25க்கு 41 பிக்சலிலேயே நீங்களும் வரைந்திருந்தால், அதன் முனை 20 பிக்சல் கீழே இறங்கிவிடும். நம் அட்சரேகையில் ஜூம் 10இல் ஒரு பிக்சல் 150 மீட்டர். முனை 3 கி.மீ. தெற்கே காட்டும். ஜூம் 18இல் அதே பிழை வெறும் 12 மீட்டர். ‘கிட்டே போகப் போகக் கோயில் நகர்கிறது’ என்று யாராவது சொன்னால் இதுதான். நங்கூரத்தை 12, 41 என்று வைத்தால் நின்றுவிடும்.

எல்லா ஊசிகளும் தெரியும்படி வரைபடத்தைத் தானே பொருத்திக்கொள்ளச் சொல்லும் ‘ஃபிட்பவுண்ட்ஸ்’ இங்கே பொறி. திருகோணமலை முதல் கயிலாயம் வரை பொருத்தினால் ஜூம் 5 வரும். குளித்தலையிலிருந்து கடற்கரை வரையுள்ள காவிரிப் பகுதி அப்போது 33 பிக்சல் அகலம். அதாவது 190 கோயிலும் ஏறக்குறைய ஒரே ஊசியின் இடத்தில். தொடக்கக் காட்சியைக் கையால் வையுங்கள்: நடு 10.9, 79.4, கணினியில் ஜூம் 9, கைப்பேசியில் 8. வெளியே விழுந்த ஆறு தலங்களும் பக்கப்பட்டியலில் இருக்கட்டும், தொட்டால் பறந்து போகட்டும். இன்னொன்று: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான டைலில் இமயப் பகுதி எல்லைகள் இந்திய நில அளவைத் துறை வரைவதைப் போல இருக்காது. இந்தியாவிலிருந்து பொதுவில் வெளியிடும் பக்கமானால் இதை யோசித்து அடிவரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நெரிசலுக்கு, நெருங்கிய ஊசிகளைக் கொத்தாக்கும் மார்க்கர்கிளஸ்டர் செருகுநிரல். கொத்தின் ஆரம் இயல்பாக 80 பிக்சல்; ஜூம் 9இல் அது 24 கி.மீ., டெல்டாவுக்கு மிக அதிகம். 40 வைத்தால் கும்பகோணமும் மயிலாடுதுறையும் தனித்தனிக் கொத்தாக நிற்கும். ‘இந்த ஜூமுக்கு மேல் கொத்து வேண்டாம்’ என்ற அமைப்பைத் தொடாதீர்கள். தொட்டால் ஆரூரும் அரநெறியும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று, அடியில் இருப்பதைத் தொடவே முடியாது. விட்டுவிட்டால் கடைசி ஜூமில் கொத்து சிலந்திக்கால் போல விரிந்து இரண்டையும் காட்டும்.

பாப்அப்புக்குள் போகும் பெயர்களை எழுத்தாகவே போடுங்கள். சரமாகக் கொடுத்தால் லீஃப்லெட் அதை எச்டிஎம்எல் என்றே எடுத்துக்கொள்ளும். பொதுமக்கள் படிவம் வழியாகத் திருத்தம் அனுப்பலாம் என்று வைத்திருந்தால் இது திறந்து போட்ட கதவு.

டைல் சேவை நன்கொடையில் ஓடுவது. பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி கட்டாயம். எந்தப் பக்கம் கேட்கிறது என்று சொல்லும் ரெஃபரரை உங்கள் பக்கம் மறைத்தால் டைல் மறுக்கப்படலாம். இணையம் இல்லாத இடத்துக்கு என்று டைல்களை மொத்தமாக இறக்கி வைப்பது விதிப்படி கூடாது. அப்படித் தேவைப்பட்டால் டெல்டாவை மட்டும் வெட்டி எடுத்து, டைல்களை எல்லாம் ஒரே கோப்பாக அடக்கிய பிஎம்டைல்ஸ் கோப்பு ஒன்றை உங்கள் இடத்திலேயே வையுங்கள்.

‘எனக்கு அருகில்’ பொத்தான் எச்டிடிபிஎஸ் முகவரியில் மட்டுமே வேலை செய்யும். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது விதிவிலக்கு. தொலைவைப் புவி ஆரம் 6371 கி.மீ. என்று வைத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் கணக்கிட்டால் போதும். ஆனால் அது காகம் பறக்கும் தூரம். கொள்ளிடத்தின் அக்கரையில் 2 கி.மீ. என்று காட்டும் கோயிலுக்குப் பாலம் சுற்றிப் போக எத்தனை கி.மீ. என்பது வேறு கணக்கு. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நேர்கோட்டில்’ என்று எழுதிவிடுங்கள்.

வழி காட்டும் இணைப்புக்கு ‘ஜியோ’ என்று தொடங்கும் முகவரி ஆண்ட்ராய்டில் எந்த வரைபடச் செயலி இருக்கிறதோ அதைத் திறக்கும். ஐஃபோனின் சஃபாரியில் அதைத் தொட்டால் எதுவும் நடக்காது. அங்கே ஆப்பிள் மேப்ஸின் வலை முகவரியைக் கொடுங்கள். இரண்டிலும் போக வேண்டியது வாசல் புள்ளி, ஊசிப் புள்ளி அல்ல.